பதினான்காம் தேதிப் பூங்கோதை

பூங்கோதைக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பதை அவளுக்குத் தெரிவித்தது ஒரு கடன் அறிக்கை.

திங்கட்கிழமை காலை. பீளமேட்டில் அவள் வேலை பார்க்கும் பம்ப் சோதனைக் கூடத்தில், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் அதிர்வைக் காதால் அளந்தபடியே அறிக்கையைத் திறந்தாள். தத்து மையம் கேட்டிருந்த பதினேழு ஆவணங்களில் அதுதான் கடைசி. மதிப்பெண் எண்ணூறைத் தாண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். முந்நூற்று நாற்பத்து நான்கு என்றிருந்தது. கீழே ஒரே ஒரு சிவப்பு வரி. மருத்துவக் கடன், ஒன்பது லட்சத்து நாற்பத்தாறாயிரம், பன்னிரண்டு மாத நிலுவை, வசூலுக்கு அனுப்பப்பட்டது. நோய்: ரத்தப் புற்று, தொடர் சிகிச்சை. மருந்து வழங்கிய இடம்: திண்டுக்கல்.

பூங்கோதை திண்டுக்கல்லில் இறங்கியதே இல்லை. பஸ் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் புதன்கிழமை நேர்காணல். தத்து மையத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பெயர் அமுதினி. பூங்கோதையும் கணவன் நந்தகோபாலும் நான்கு முறை போய்ப் பார்த்திருந்தார்கள். கடைசி முறை கிளம்பும்போது அவள் பூங்கோதையின் சட்டையிலிருந்து ஒரு நீலப் பொத்தானைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். திருப்பிக் கேட்டதற்கு, "அடுத்த தடவ" என்றாள். அறிக்கையில் இந்த வரி இருந்தால் அடுத்த தடவை என்று ஒன்று இருக்காது. பட்டியலில் பின்னால் நிற்கும் யாரோ அவளைக் கூட்டிப்போவார்கள், பொத்தானோடு.

சிவப்பு வரியின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'என்னுடையது', 'என்னுடையது அல்ல'. அவள் யோசிக்காமல் இரண்டாவதைத் தொட்டாள். பரிசீலனைக் காலம் எழுபத்திரண்டு மணி நேரம், வியாழன் காலை பத்து இருபதுக்கு முடியும் என்று திரை சொன்னது.

மறுநாள் மதியம் வசூல் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"வணக்கம் மேடம். என் பெயர் மெர்லின். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. கடன் தங்களுடையது அல்ல என்று தெரிவித்துள்ளீர்கள். காரணம் கூறவும்."

"நான் அந்த ஊருக்கே போனதில்லைங்க. எனக்கு நோயும் இல்ல. வேற யாரோ எம்பேரச் சொல்லியிருக்காங்க."

"பேரு யாரு மேடம் கேக்கா? எட்டு வருசமா எந்த ஆஸ்பத்திரியிலயும் பேரு கிடையாது, அட்டை கிடையாது. விரல்ல ஒரு துளி. அவ்வளவுதான். அந்தக் கவுண்டர்ல மாசா மாசம் விரல் வச்சது உங்க துளி."

"நான் போகலைன்னு சொல்றேன்."

"அப்ப உங்க ரத்தம் தனியா போயிருக்கும்."

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ பொறிதட்டியது. மெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஒரு நிமிசம் இருங்க. பதிவ நிறுத்திட்டேன். ரெண்டு நிமிசத்துக்கு மேல நிறுத்த முடியாது, பாத்ரூம் இடைவேளைன்னு காட்டும். மேடம், நீங்க எப்பமாவது யாருக்காச்சும் எலும்பு மஜ்ஜை குடுத்தீங்களா?"

பூங்கோதைக்கு முதலில் நினைவு வந்தது நேந்திரம் சிப்ஸ்தான். பன்னிரண்டு வருஷம் முன்பு, பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி அரங்கில் ஒரு முகாம். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக்கொண்டு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு அழைப்பு. உங்கள் மஜ்ஜை ஒருவருக்கு அப்படியே பொருந்துகிறது, நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான். அம்மாவிடம் சொன்னால் விடமாட்டாள். கொச்சிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சொல்லிவிட்டு நான்கு நாள் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வரும்போது காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஒரு கிலோ சிப்ஸ் வாங்கி, கொச்சியில் வாங்கியதாகக் கொடுத்தாள்.

"குடுத்தேன்" என்றாள்.

"அந்த ஆளோட மஜ்ஜைய முழுசா அழிச்சுட்டுத்தான் உங்களுதை ஏத்துவாங்க. அதுக்கப்புறம் அவருக்கு ஊறுத ரத்தம் பூரா உங்களுது. துளி வச்சா உங்க பேருதான் வரும். இது எனக்கு மூணாவது கேஸ்."

"அப்ப அத எழுதுங்க. மருத்துவமனைல பதிவு இருக்குமே."

"தானப் பதிவேட்டை முத்திரை வச்சு மூடியிருக்கு. குடுத்தவங்களுக்கும் வாங்குனவங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு சட்டம். திறக்க கோர்ட்டுக்குப் போகணும். எட்டு மாசம் ஆகும்."

"கட்டிட்டா?"

"கட்டினாலும் கறை ஏழு வருசம் இருக்கும். நோயும் உங்க பேர்லயே இருக்கும். நீங்க சும்மா இருந்தா வியாழக்கிழமை எல்லாம் அழிஞ்சிரும். ஆனா உங்க துளி கோயம்புத்தூர் முகவரியோட பூட்டிக்கிடும். வேற ஊர்ல யாரு அந்தத் துளிய வச்சாலும் ஆள்மாறாட்டம். கவுண்டர்ல மாத்திரை குடுக்க மாட்டாங்க, போலீசுக்குத் தகவல் போகும்."

"அவரு மாத்திரை இல்லாம எத்தன நாள்..."

"நான் வசூல் பிரிவு மேடம்." குக்கர் மறுபடியும் விசில் அடித்தது. மெர்லின் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அப்பாவுக்கும் அதே மாத்திரைதான். மூணு வாரந்தான் தாங்கும். வியாழக்கிழமை பூட்டுததுக்குள்ள படிவம் ஒன்பதைப் பாத்துக்கிடுங்க. இரட்டைப் பிள்ளைகளுக்கு உள்ளது. ரெண்டு பேருக்கு ஒரே துளி இருக்கலாம்னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஒரே இடம் அதுதான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விரல் வைக்கணும். பெத்த அம்மா வந்து துளி வச்சு, ரெண்டும் எம்பிள்ளைங்கன்னு சத்தியம் செய்யணும். செஞ்சா அந்த ஆளு புது ஆளாப் பதிவாவாரு. பழைய பாக்கி அவரு கணக்குக்குப் போயிரும், அரசாங்கத் திட்டம் அதை ஏத்துக்கிடும். உங்க வரி போயிரும்."

"பெத்த அம்மா" என்றாள் பூங்கோதை.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்றாள் மெர்லின், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "நன்றி மேடம்."

அன்று மாலை வீட்டில் அவள் சொன்ன எல்லாவற்றையும் நந்தகோபால் பால்கனியில் நின்றபடி கேட்டான். கடலைமிட்டாயை அவன் எப்போதும் பால்கனியில் வைத்துத்தான் தின்பான். பூங்கோதைக்குக் கடலை ஆகாது. வாடை பட்டாலே காதுக்குள் அரிக்கத் தொடங்கும்.

"சும்மா இருந்தாப் போதும்" என்றான், கையைக் கழுவிவிட்டு வந்து. "வியாழக்கிழம வரைக்கும் நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம் கோதை. புதன்கிழம நேர்காணல். பாப்பா வீட்டுக்கு வந்துரும்."

"ஒருத்தர் செத்துருவாருங்க."

"நீ ஒரு தடவ அவருக்கு உயிர் குடுத்தாச்சு. ரெண்டாவது தடவையும் நீயே குடுக்கணும்னு சட்டமா?"

அவள் அறிக்கையை மீண்டும் திறந்து மருந்து வாங்கிய தேதிகளைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பதினாலாம் தேதி" என்றாள் பிறகு. "மாசா மாசம் பதினாலாம் தேதிதான் மாத்திரை வாங்கியிருக்காரு. நான் போய்ப் பாக்கறேன். ஆள் எப்படி இருப்பாருன்னு கூடத் தெரியாம என்னால சும்மா இருக்க முடியாது."

"பாத்துட்டா மட்டும் சும்மா இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் கார் சாவியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தான்.

திண்டுக்கல் மருந்தகத்தின் காத்திருப்புக் கூடத்தில் நாற்பது நாற்காலிகள் இருக்கும். எல்லாமே நிரம்பியிருந்தன. வருபவர்கள் வாசலில் இருந்த கருவியில் விரலைக் குத்தி, அது ஆளையும் ரத்தத்தின் நிலையையும் பதிந்துகொண்டதும் உட்கார்ந்தார்கள். பலகையில் பெயர்கள் ஓடின. பூங்கோதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன்னைப் போல ஒருத்தியைத் தேடுகிறோம் என்பதைச் சற்று நேரம் கழித்தே உணர்ந்தாள். ரத்தம் ஒன்றென்றால் முகத்தில் எங்காவது ஒரு சாயல் கசிந்திருக்கும் என்று மனம் எப்படியோ நம்பியிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஒலிபெருக்கி அழைத்தது. "ரா. பூங்கோதை. கவுண்டர் மூன்று."

பழக்கத்தில் அவள் பாதி எழுந்துவிட்டாள். முன் வரிசையில் ஒரு மனிதர் முழுதாக எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய நரைத்த மீசை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்களைப் போட்டிருந்தார். கழுத்துத் தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இது பழகிய காட்சி.

"வாங்க பூங்கோதைண்ணே" என்றாள் கவுண்டர் பெண். "இந்த மாசம் மட்டுந்தான் போல. நாளைக்குப் பத்து இருவதோட கணக்கப் பூட்டுறதா காட்டுது. என்னண்ணே பண்ணுனீங்க?"

"நா என்னத்தப் பண்ணுனேன். அந்தப் பூங்கோதையக் கேளு."

பின்னால் நின்ற பூங்கோதை, "நான்தாங்க அது" என்றாள்.

அவர் திரும்பினார். மாத்திரை உறையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டார். அவர் பார்வை முகத்தில் நிற்காமல், அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கம், பச்சை நரம்பு ஓடும் இடத்துக்குப் போனது.

"ஒங்களுக்குக் காச்ச கீச்ச ஒண்ணுமில்லயே தாயி?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

டீக்கடையில், கார் ஓட்டி வந்திருந்த நந்தகோபாலோடு மூவரும் உட்கார்ந்தார்கள். அந்த மனிதரின் பெயர் சவரிமுத்து. பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். துளிப்பதிவு வந்தபோது வரிசையில் நின்று விரலை நீட்டியிருக்கிறார். இந்தத் துளி ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நீங்கள் ரா. பூங்கோதை, வயது இருபத்தைந்து, பெண், என்று கருவி சொல்லியிருக்கிறது.

"ரெண்டு வருசம் அலஞ்சேன். நா சவரிமுத்து, நா சவரிமுத்துன்னு. மெசினு கேக்கல. கடசில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அப்பறம் துளி பதியாதவங்கெல்லாம் செத்துட்டதா வச்சுக்கிட்டாக. எம்பொண்டாட்டிக்கு விதவ பென்சன் வருது. மொத மாசம் அழுதா. இப்ப ஒண்ணாந்தேதியான்னா பேங்குக்கு நாந்தான் கூட்டிட்டுப் போறேன்."

நந்தகோபால் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டான்.

"இப்பக் கேன்சர் இருக்குங்களா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"அது போயே பதினோரு வருசமாச்சு. நோய்ங்கிற கட்டத்துல மட்டும் அந்தப் பேர மாத்தாம வச்சுருக்காக. மாத்திர வேற எதுக்கோ. ஒங்க ரத்தம் இருக்கே, அது எடம் மாறி வந்துட்டமேன்னு என்னோட சண்ட போடுது. தோலக் கடிக்கும், நெஞ்சக் கடிக்கும். மாத்திர போட்டா அடங்கிக் கெடக்கும்." சட்டைக் கையை மெல்ல நீவிக்கொண்டார். "நல்ல ரோசமான ரத்தம் தாயி."

அவள் படிவம் ஒன்பதைப் பற்றிச் சொன்னாள். இன்று மாலை ஐந்து மணிக்கு இ-சேவை மையம் மூடும். நாளை திறப்பது பத்தரைக்கு. பத்து இருபதுக்கு எல்லாம் முடிந்திருக்கும். அம்மா இருப்பது உடுமலையில்.

"பெத்தவங்கள பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லுறீகளா?"

"கேட்டுப் பாக்கலாம்."

"வேணாந்தாயி. இந்தப் பதினோரு வருசமே கூடுதல்தான்."

"ஏறுங்க" என்றான் நந்தகோபால், காரின் கதவைத் திறந்து பிடித்தபடி. அவன் முகத்தைப் பூங்கோதை பார்த்தாள். ஆளைப் பார்த்துவிட்டால் சும்மா இருக்க முடியாது என்பதை அவளுக்கு முன்பே அறிந்திருந்தவன் அவன்.

பழனி மலை இடதுபுறம் வந்து பின்னால் போனது. அதற்கப்புறம் காற்றாலைகள். ஒன்று கூட அசையவில்லை. பெரிய வெள்ளைப் பூக்கள் எதற்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. சவரிமுத்து பின் இருக்கையில் தூங்கிப்போனார். கண்ணாடியில் அவருடைய வாய் லேசாகத் திறந்திருப்பது தெரிந்தது. கழுத்து நரம்பு துடித்தது. அங்கே ஓடுவது நான், என்று நினைத்தாள். நான் தூங்கும்போது எப்படி இருப்பேன் என்று நானே பார்க்கிறேன்.

உடுமலை வீட்டை அடைந்தபோது மணி மூன்றேகால்.

ருக்மணி சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்தச் சிப்ஸு?"

"காந்திபுரத்துல வாங்குனதும்மா."

"எண்ணெ வாசம் வேற மாதிரி இருக்குதேன்னு அன்னிக்கே நெனச்சேன்." ருக்மணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "மஜ்ஜையக் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்டச் சொல்லாமப் போயி நாலு நாள் படுத்திருந்த பாரு, அத அப்பறம் பேசிக்கலாம். ஆனாச் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அம்மா..."

"முப்பத்தொரு வருசத்துல ஒரு பொய்ப் பத்திரம் என்னோட கையத் தாண்டிப் போனதில்ல கண்ணு. அண்ணன் சொத்தத் தம்பி எழுதிக்க வருவான், செத்தவன் கைநாட்டக் கொண்டாருவான். எல்லாரும் ஒரு கஷ்டத்தச் சொல்லிட்டுத்தான் வந்தாங்க. ஒருத்தனுக்கும் நான் எரக்கப்பட்டதில்ல. இப்ப எனக்குன்னு வந்தா மட்டும் மாத்திக்கறதா?"

"பாப்பா கெடைக்காதுங்க அத்தை" என்றான் நந்தகோபால்.

"சும்மா இருந்தாக் கெடைக்கும்னு கோதைதான சொன்னா?"

கேட்டதன் மறுபாதி அந்த அறையிலேயே, சுவரோரமாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது. சவரிமுத்து எழுந்தார்.

"அம்மா சொல்றது நாயம். நா பஸ்ஸப் புடிச்சுப் போய்க்கிறேன். இந்த மாசத்துக்கு மாத்திர கையில இருக்கு."

மணி மூன்று ஐம்பது.

"வந்த வீட்ல வெறும் வாயோட போகாதீங்க" என்றாள் ருக்மணி. குரல் கடுமையாகத்தான் இருந்தது. உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். "கோதை, நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காரு." தட்டில் அவித்த கடலைக்காய். மகள் கல்யாணமாகிப் போன பிறகுதான் அந்த வீட்டுக்குள் கடலை வந்தது. விருந்தாளிகளுக்கு மட்டும்.

சவரிமுத்து தட்டை வாங்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"கோவிச்சுக்காதீக. கடல சேராதும்மா."

"சூடா? பித்தமா?"

"அப்பிடியில்ல. முன்னாடி மடி மடியாத் திங்கிற ஆளு நா. இந்த ஆப்ரேசனுக்குப் பெறகு ஒரு பருப்பு வாயில பட்டாப் போதும். மொதல்ல காதுக்குள்ள அரிக்கும். அப்பறந்தான் தொண்ட அடைக்கும்."

ருக்மணியின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"காதுக்குள்ளயா?"

"காதுக்குள்ளதாம்மா. டாக்டர் கூடச் சிரிச்சாரு. கடலைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்னு."

பூங்கோதைக்கு அப்போது நான்கு வயது. காதைப் பிய்த்துக்கொள்வதுபோல் சொறிந்து சொறிந்து அழுவாள். எறும்பு போயிருக்கும் என்று எண்ணெய் விட்டார்கள். மூன்று டாக்டர்கள் காதைப் பார்த்தார்கள். தின்ற கடலைதான் காரணம் என்று கண்டுபிடித்தவள் ருக்மணி. அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் ஒரு கடலைத்தோல் கூட விழாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

அவள் தட்டைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது தோளில் கைப்பை இருந்தது.

"மணி என்னங்க மாப்ள?"

"நாலு பத்துங்க அத்தை."

"வண்டிய எடுங்க."

இ-சேவை மையத்தில் அவர்களுக்கு முன்னால் ஆறு பேர். ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் முறை வந்தது. அங்கிருந்த அலுவலர் நடுவயதுப் பெண். படிவத்தைப் பார்த்தாள், பூங்கோதையைப் பார்த்தாள், சவரிமுத்துவைப் பார்த்தாள், கடைசியில் ருக்மணியைப் பார்த்தாள்.

"இவரு... உங்க பையனுங்களா?"

"ஏனுங்க, மீசை பெருசா இருக்குதுன்னு பாக்கறீங்களா?" என்றாள் ருக்மணி.

அலுவலர் மேலே எதுவும் கேட்கவில்லை. மூன்று கருவிகளை மேசையில் வரிசையாக வைத்தாள். பூங்கோதையும் சவரிமுத்துவும் ஒரே நொடியில் விரலை அழுத்தினார்கள். ருக்மணி தன் துளியைக் கொடுத்தாள். திரை யோசித்தது. மோட்டார் கோளாறைக் காதால் கண்டுபிடிக்கும் பூங்கோதைக்கு அந்தக் கருவியின் முனகல் முழுவதும் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. இரு துளிகளும் நூற்றுக்கு நூறு பொருத்தம். இருவருக்கும் தாய், ருக்மணி.

"மெசினே சொல்லிடுச்சு" என்றாள் அலுவலர், தன் கண்களை விட்டுக்கொடுத்த நிம்மதியோடு. "சத்தியத்தப் படிங்கம்மா."

ருக்மணி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "இவ்விருவரும் என் வயிற்றில் ஒன்றாகப் பிறந்தவர்கள் என்று உறுதி கூறுகிறேன்." ஒரு சொல்லும் பிசகாமல், பத்திரம் படிக்கும் குரலில் படித்தாள். முடித்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"மூத்தது யாருங்க? எந்தக் கொழந்த மொதல்ல பொறந்ததுன்னு போடணும்."

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரம் நான்கு ஐம்பத்தெட்டைக் காட்டியது.

"அவன்தான்" என்றாள் ருக்மணி.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவரை ஒருமையில் சொல்ல ஊரில் யாரும் மிச்சமில்லை. பூங்கோதையோடு ஒரே நாளில் பிறந்தவர் என்பதால் கருவி அவருக்கு முப்பத்து மூன்று வயது போட்டுக் கொடுத்தது. பெயர்க் கட்டத்தில் பழைய பெயர் ஏறவில்லை. இறந்தவர் பெயர் என்றது. அந்தோணி என்று போடச் சொன்னார். "சவரிமுத்து செத்தே கெடக்கட்டும் தாயி. பென்சன் நின்னுறக் கூடாதுல்ல."

அன்று இரவே சிவப்பு வரி மறைந்தது.

அடுத்த புதன்கிழமை, தத்து அதிகாரி கடன் அறிக்கையைப் பார்த்துத் தலையசைத்தார். எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று. பக்கத்து அறையில் அமுதினி யாரிடமோ சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் விரல் நின்றது.

"உங்களுக்கு உடன்பிறந்தவர் இருக்கறதா மனுவில போடலியே."

"சமீபத்துலதான் பதிவாச்சுங்க."

"ஒரே கரு இரட்டையர். அவருக்கு ரத்தப் புற்று." அதிகாரி நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரியுமா, இரட்டையர்ல ஒருத்தருக்கு இது வந்தா இன்னொருத்தருக்கும் ஆபத்துன்னு விதி. தாய்க்கு அந்த ஆபத்து இருந்தா நாங்க குழந்தையக் குடுக்கறதில்ல."

நந்தகோபாலின் கை மேசைக்கடியில் அவள் கையைத் தேடியது. அவர் என் உடன்பிறந்தவர் இல்லை என்ற ஒரே வாக்கியம் போதும். அது அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அமுதினி கிடைப்பாள். அம்மாவின் முப்பத்தொரு வருஷமும், திண்டுக்கல்லில் ஒரு மனிதரும் போவார்கள். அடுத்த அறையில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

"ஆமாங்க" என்றாள் பூங்கோதை. குரல் தன்னுடையதாக இல்லை. "எங்க அண்ணனுக்கு இருந்துச்சு."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு விலக்கு இருக்கு. தாயோட ரத்தத்துல அஞ்சு வருசமாப் புற்று அணு இல்லைன்னு மாதாந்திரப் பரிசோதனை இருக்கணும். அத யாரு செய்வாங்க? நல்லா இருக்கறவங்க மாசா மாசம்..." அவர் திரையை மேலே தள்ளினார். இன்னும் மேலே. பேச்சு நின்றது.

"தொண்ணூத்தாறு மாசம்" என்றார் மெதுவாக. "ஒரு மாசம் கூடத் தவறல. ஒவ்வொரு பதினாலாம் தேதியும். இரட்டையர்ங்கறதால பழைய ரத்தப் பரிசோதனை ரெண்டு பேர் கணக்குலயும் வரும். தொண்ணூத்தாறும் சுத்தம்."

பூங்கோதை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடன் அவரோடு போயிருந்தது. தேதிகள் அவளிடமே தங்கிவிட்டன. ஒரு மனிதர் எட்டு வருஷம், மழையிலும் தேர்தலன்றும், இறந்தவராகவும் கூட, பஸ் ஏறிப் போய் விரலை நீட்டியிருக்கிறார். தனக்காகத்தான் என்று அவரும் நினைத்திருப்பார்.

"இவ்வளவு பொறுப்பான ஒரு அம்மாவ நான் பாத்ததில்லைங்க" என்றார் அதிகாரி.

அவள் மறுக்கவில்லை. அந்தப் பாராட்டைத் திருடியவள்போலக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. பாப்பாவுக்குப் பதினெட்டு முடியற வரைக்கும் இத நிறுத்தக் கூடாது."

அமுதினியைக் கூட்டிவந்து அவள் விரலிலும் ஒரு துளி எடுத்தார்கள். அவள் அழாமல் கருவியையே முறைத்தாள். பூங்கோதையின் துளியோடு ஒப்பிட்டுவிட்டு, உறவு இல்லை என்றது திரை. அதிகாரி அந்த வரியை அழித்துவிட்டு, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, கையாலேயே 'மகள்' என்று போட்டார். அமுதினி உள்ளங்கையைத் திறந்து நீலப் பொத்தானை மேசையில் வைத்தாள்.

மறுமாதம் பதினான்காம் தேதி, பீளமேடு மருந்தகத்தில், மடியில் தூங்கும் குழந்தையோடு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். கைபேசி அதிர்ந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஒரு செய்தி: 'நா வச்சுட்டேன். நீ?'

ஒலிபெருக்கி அழைத்தது. "ரா. பூங்கோதை. கவுண்டர் இரண்டு."

வேறு யாராவது எழுகிறார்களா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, அவள் எழுந்தாள்.